மூச்சில் ஆடும் தூளி

மஞ்சாடிச் சோலையில் சோலைமுத்து என்று ஒரு தேவாங்கு இருந்தான். குச்சிக் கை, குச்சிக் கால், முகத்தில் பாதி கண். பகலெல்லாம் உறக்கம், அந்தி சாய்ந்தால் விழிப்பு. எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டான். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு அவன் போய்ச் சேர்வதற்குள் பூ பிஞ்சாகிவிடும் என்று குரங்குகள் கேலி பேசும்.

காட்டுத் தாய்மார்கள் பிள்ளைகளைத் திட்டும்போதும் அவனைத்தான் வம்புக்கு இழுப்பார்கள். "ஏன் இப்படித் தேவாங்கு மாதிரி முழிக்கிறே?" என்பார்கள். மேலே கிளையில் இருந்தபடி அதைக் கேட்கும் சோலைமுத்துவுக்கு முகம் வாடிப்போகும். முழிப்பதும் ஒரு குற்றமா? கடவுள் கொடுத்த கண்ணை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது?

ஆனால் மெதுவாகப் போகிறவனுக்கு ஒரு லாபம் உண்டு. மற்றவர்கள் தாண்டிப் போவதெல்லாம் அவன் கண்ணில் படும். அப்படித்தான் செம்பி அவன் கண்ணில் பட்டாள்.

செம்பி ஒரு முயல். போன கோடையில் தெற்குச் சரிவில் காட்டுத்தீ பிடித்தபோது குட்டிகளைக் கூட்டிக்கொண்டு உயிர் தப்பி வந்தவள். தீ அணைந்தது. மழை பெய்தது. கருகின இடத்தில் புல்கூட முளைத்துவிட்டது. செம்பியின் தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. படுத்தால் போதும், சருகு எரியும் சடசடப்பு காதுக்குள் கேட்கும். துள்ளி எழுந்து குட்டிகளைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு விடிய விடிய அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

"செம்பி, கொஞ்ச நேரம் கண்ணசந்தா என்ன?" என்று ஒருநாள் சோலைமுத்து கேட்டான்.

"கண்ண மூடினா எரியுது, அண்ணே!" என்றாள் அவள்.

அந்தப் பதில் அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. தூங்கி எழுந்தாலும் அதே நினைப்பு, பூச்சி பிடித்துத் தின்னும்போதும் அதே நினைப்பு. கடைசியில் ஒரு வேலையில் இறங்கினான்.

காட்டின் நடுவே ஆத்தித் தோப்பு ஒன்று இருந்தது. ஆத்தி நாரைப்போல உறுதியான நார் வேறு எந்த மரத்திலும் இல்லை. ஆனால் தோப்பு யானைகளின் காவலில் இருந்தது. அனுமதி இல்லாமல் யாரும் ஒரு நார்கூட உரிக்க முடியாது. காற்றில் முறிந்து தோப்புக்கு வெளியே விழுந்த கிளைகளைச் சோலைமுத்து தேடித் தேடிப் பொறுக்கினான். நாரை உரித்தான், ஊறவைத்தான், திரித்தான். வலைபோலப் பின்னி ஒரு தூளி செய்தான். உள்ளே இலவம்பஞ்சு பரப்பினான்.

தூளி கட்டுவது பெரிய வித்தை இல்லை. அதைத் தொங்கவிடும் முடிச்சில்தான் அவன் மூளை இருந்தது. எத்தனையோ முடிச்சுகள் போட்டு எத்தனையோ முறை தொப்பென்று கீழே விழுந்தான். கடைசியில் ஒரு முடிச்சு வாய்த்தது. அந்த முடிச்சில் தொங்கும் தூளியை யாரும் ஆட்ட வேண்டாம். உள்ளே படுத்திருப்பவர் மூச்சை இழுத்தால் அந்தப் பக்கம் போகும், விட்டால் இந்தப் பக்கம் வரும். அவரவர் மூச்சே அவரவரைத் தாலாட்டும்!

செம்பி அதில் ஏறிப் படுத்தாள். முதலில் அவள் மூச்சு வெடவெடவென்று ஓடியது, தூளியும் வெடவெடவென்று ஆடியது. மெல்ல மெல்ல மூச்சு நீண்டது. தூளியின் ஆட்டமும் நீண்டது. இழுத்த மூச்சுக்கு ஒரு ஆட்டம், விட்ட மூச்சுக்கு ஒரு ஆட்டம். அவள் காதுகள் தளர்ந்து தொங்கின. செம்பி தூங்கிவிட்டாள்.

சோலைமுத்து அன்று பகல் முழுக்கத் தூங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். எழுந்ததும் செம்பி அழுதாள்.

"அண்ணே, கனவு வந்துச்சு! எரியவே இல்ல. எங்க பாத்தாலும் புல்லு. பனி விழுந்த புல்லு!"

சோலைமுத்துவுக்கும் கண் நிறைந்தது. அவ்வளவு பெரிய கண் நிறைய எவ்வளவு நீர் வேண்டும்!

பிறகு செம்பி சொன்னாள்: "தெக்குச் சரிவுல இன்னும் எத்தனையோ பேரு என்னை மாதிரியே முழிச்சிக் கிடக்காங்க. அவங்களுக்கும் செஞ்சு குடு, அண்ணே!"

"நாருக்கு எங்கே போறது? விழுந்த கிளையெல்லாம் இந்த ஒண்ணுக்கே தீந்துபோச்சே!"

"தை மாசச் சந்தை வருதில்ல? அங்க ஜெயிச்சா தோப்பே திறக்கும்!"

அந்தச் சந்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, தை மாதப் பனியில், அல்லிக்குளத்தின் கரையில் அது இரண்டு நாள் கூடும். புதிதாக ஒன்றைச் செய்தவர்கள் அதைக் கொண்டுவந்து கடை போட்டுக் காட்டலாம். ஒரு பொருள் பிடித்துவிட்டால் பார்க்கிறவர்கள் "பலே!" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சந்தை முடிகிற அந்தியில், எந்தக் கடையில் பலே சத்தம் பலமாகக் கேட்கிறதோ அந்தக் கடைக்காக மரங்கொத்தி, உள்ளே கூடாகிப்போன வெற்றுமரத்தில் அலகால் கொட்டு அடிப்பார். கொட்டு வாங்கியவர் காட்டில் எதைக் கேட்டாலும் யானைத் தலைவி பெரியம்மணி தருவார்.

"எனக்குக் கடை போட்டுப் பழக்கமே இல்லையே! எல்லாரும் சிரிப்பாங்க" என்றான் சோலைமுத்து.

"சிரிக்கட்டுமே! படுத்துப் பாத்தா சிரிக்கமாட்டாங்க. என் தூளியவே கொண்டு போ. நான் சரிவுக்குப் போயி அவங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு, சந்தை முடியிற அந்திக்கு வந்து சேர்றேன்."

"அதுவரைக்கும் நீ தூங்க வேணாமா?"

"இவ்வளவு நாள் தூங்காதவ, இன்னும் கொஞ்சம் தூங்காட்டி என்ன? நீ ஜெயிச்சுட்டு வா!"

அவள் குட்டிகளோடு சரிவுப் பக்கம் போனாள். சோலைமுத்து தூளியைச் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாகச் சந்தைக்குப் புறப்பட்டான்.

சந்தை நாள் காலையில் குளம் தெரியவில்லை. குளம் இருந்த இடத்தில் வெள்ளையாகப் பனி கிடந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு கொம்பு வரும், பிறகு மான் வரும். ஒரு வால் போகும், அது யாருடைய வால் என்று தெரியாமலே போய்விடும். பகலில் விழித்துப் பழக்கமில்லாத சோலைமுத்துவுக்கு எல்லாமே பாதித் தூக்கத்தில் காண்பதுபோல இருந்தது. அல்லிப்பூக்கள் தண்ணீரில் மிதக்கின்றனவா, காற்றில் மிதக்கின்றனவா? பேசுகிறவர்கள் பக்கத்தில் பேசுகிறார்களா, கனவில் பேசுகிறார்களா? ஒன்றும் பிடிபடவில்லை. நல்லவேளை, முடிச்சு மட்டும் விரல்களுக்கு நினைவிருந்தது. குளக்கரை மருதமரத்தின் தாழ்ந்த கிளையில் தூளியைக் கட்டினான்.

பக்கத்துக் கடை ஒரு மைனாவுடையது. பெயர் கிண்கிணி. அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. பட்டாசுக்காய்களைப் பொறுக்கி வந்து, தாமரை இலையில் தண்ணீர் வைத்துக் கடை பரப்பியிருந்தாள். உலர்ந்த காயைத் தண்ணீரில் போடுவாள். சற்றுப் பொறுத்து, 'டப்!' என்று வெடித்து விதை சிதறும். கூட்டம் துள்ளிக் குதிக்கும்.

"பலே! பலே!" என்று கத்தும்.

பனி விலகி வெயில் வந்தது. சோலைமுத்துவின் கடைக்கு முதலில் வந்தது ஒரு கீரி. காட்டிலேயே தன்னைவிட விழிப்பானவன் கிடையாது என்று மார்தட்டுகிறவன்.

"இது என்னய்யா, மீன் வலையா?"

"இல்லிங்க, தூளி. ஆட்ட ஆள் வேண்டாம். மூச்சுலயே ஆடும். படுத்துப் பாருங்க!"

கீரி ஏறிப் படுத்தான். "எங்கே ஆடுது? ஒண்ணும் ஆடக் காணோமே? ஒண்ணும் ஆட..." என்றான். அதோடு சரி. பேச்சு நின்றது. குறட்டை வந்தது.

சோலைமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எப்போது எழுவான், எப்போது பலே சொல்வான் என்று வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கீரி எழுந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். முகம் சிவந்துபோனது.

"நல்லாத் தூங்கினீங்களா?"

"யாரு, நானா? நான் எங்கே தூங்கினேன்! கண்ணை மூடி ஒரு விஷயத்தை யோசிச்சுட்டிருந்தேன்!" என்று சீறிவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டான்.

இதுதான் அந்தக் காட்டின் வழக்கம். நாலு பேர் முன்னால் தூங்குவது அங்கே பெரிய வெட்கக்கேடு. "சந்தையில் தூங்கினவன்" என்று ஒருவனுக்குப் பெயர் விழுந்துவிட்டால் பேரன் பேத்தி காலம்வரை அது போகாது. பாவம், இதைச் சோலைமுத்து யோசிக்கவே இல்லை. பகலில் எல்லாரும் பார்க்கத் தூங்கியே வளர்ந்தவனுக்கு அந்த வெட்கம் எங்கே தெரியப்போகிறது?

அடுத்து ஒரு குரங்கு வந்தது. பிறந்தது முதல் ஓரிடத்தில் உட்காராத குரங்கு. அதுவும் படுத்தது, தூங்கியது. எழுந்ததும், "உள்ளே பேன் பார்த்தேன்!" என்று சொல்லிவிட்டு ஓடியது. காட்டுப்பன்றி வந்தது. மருதக் கிளை வளைந்து தரையைத் தொட்டது. அதுவும் தூங்கியது. எழுந்து, "வயித்து வலி, கொஞ்சம் சாஞ்சேன்" என்றது. முள்ளம்பன்றி வந்தபோது மட்டும் சோலைமுத்து, "ஐயா சாமி, நீங்க வேண்டாம்!" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டான்.

வந்தவர்கள் எல்லாரும் தூங்கினார்கள். ஒருவர்கூடப் பலே சொல்லவில்லை.

பக்கத்தில் 'டப்! டப்!' என்று காய் வெடித்தது. பலே, பலே என்று வானம் அதிர்ந்தது. மரங்கொத்தி ஒவ்வொரு கடையாக வந்து காதைச் சாய்த்துக் கேட்டார். சோலைமுத்துவின் கடையில் சற்று நின்றார். ஒரு சத்தமும் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

சோலைமுத்துவுக்கு உள்ளே ஏதோ கசந்தது. செய்த பொருள் நன்றாக வேலை செய்கிறது, அது அவனுக்கே தெரியும். இருந்தாலும் அந்தச் சத்தம்! பக்கத்துக் கடையில் ஓயாமல் கேட்கும் அந்தச் சத்தம், நமக்கும் ஒரு தடவை கேட்காதா என்று மனசு அடித்துக்கொண்டது.

முதல்நாள் சந்தை கலையும் நேரத்தில் கிண்கிணி தத்தித் தத்தி வந்தாள்.

"என்னண்ணே, உங்க கடை என்ன கடையா, சத்திரமா? வர்றவனெல்லாம் படுத்துட்டுப் போறான்!"

"தூங்க வைக்கத்தானே செஞ்சேன், கிண்கிணி!"

"தூங்கறவன் வாயத் திறந்தா குறட்டைதான் வரும். பலே எப்படி வரும்? இதுகூடத் தெரியாம சந்தைக்கு வந்துட்டீங்களே!"

சோலைமுத்து முழித்தான்.

"இங்க பாருங்க. வாகைமரத்துல நெத்து காஞ்சு தொங்குது. காத்தடிச்சா எப்படிக் கலகலங்குது! அதுல நாலு பறிச்சுத் தூளி ஓரமாக் கட்டுங்க. படுக்கிறவன் மூச்சு விட்டா கலகலங்கும். அவனும் தூங்கமாட்டான், பாக்கிறவனும் சும்மா போகமாட்டான்!"

"ஆனா, தூளின்னா அதுல தூங்க வேணாமா?"

"முதல்ல கொட்டு வாங்குங்க. தூக்கத்தை அப்புறம் பாத்துக்கலாம்!"

சொல்லிவிட்டுப் பறந்துபோனாள். கெட்ட எண்ணத்தோடு சொன்னாள் என்று சொல்லமுடியாது. சத்தம் போட்டே பிழைக்கிறவளுக்குச் சத்தத்தைத் தவிர வேறு மருந்து தெரியாது.

சோலைமுத்து வாகைமரத்தைப் பார்த்தான். செம்பியை நினைத்தான். 'கொட்டு கிடைத்தால் தோப்பு திறக்கும், தோப்பு திறந்தால் எல்லாருக்கும் தூளி. செம்பிக்காகத்தானே செய்கிறேன்?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும்போது காரணத்துக்கா பஞ்சம்! நெற்றுகளைப் பறித்தான். தூளியின் ஓரம் முழுக்க வரிசையாகக் கட்டினான்.

கட்டி முடித்துத் தானே ஏறிப் படுத்துப் பார்த்தான். பகலெல்லாம் விழித்த களைப்பு, கண் சொருகியது. ஆனால் மூச்சு விடும்போதெல்லாம் கலகல, கலகல. தூக்கம் கிட்டே வருவதும் விலகி ஓடுவதுமாக இருந்தது. கடைசியில் இறங்கிவிட்டான். 'பரவாயில்லை, சந்தைக்கு மட்டும்தானே!' என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் கூட்டம் அலைமோதியது.

குரங்கு முதல் ஆளாக ஏறிக் குதித்தது. கலகலகல! "பலே!" என்று கத்தியது. நரி ஏறியது, கலகலகல! "பலே, பலே!" மான்குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. கரடி தாளத்துக்கு ஏற்ப ஆடியது. 'கலகலத் தூளி' என்று ஊரே அதற்குப் பெயர் வைத்துவிட்டது. அது எதற்காகச் செய்த பொருள் என்று யாரும் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணு செஞ்சு குடு! நெத்து இன்னும் கூட வச்சுக் கட்டு!" என்றது நரி.

சோலைமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தூக்கமில்லாத அவன் கண்ணுக்கு எல்லாமே மிதந்தன. அல்லிப்பூ மிதந்தது, கூட்டம் மிதந்தது, அவனும் மிதந்தான். பலே என்ற சொல் தேன் சொட்டுவதுபோல ஒவ்வொரு சொட்டாகக் காதில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு மந்தி தன் குட்டியிடம் சொல்வது கேட்டது.

"பாத்தியா! தேவாங்கு மாமா மாதிரி கெட்டிக்காரனா இருக்கணும்!"

இந்தச் சொல்லுக்காக வாழ்நாள் முழுக்கக் காத்திருந்ததுபோல இருந்தது அவனுக்கு. இன்னும் இரண்டு நெற்று எடுத்துக் கட்டினான்.

பொழுது சாய்ந்தது. குளத்தின்மேல் மறுபடி பனி இறங்க ஆரம்பித்தது. பனிக்குள்ளிருந்து செம்பி வந்தாள். அவள் பின்னால் தெற்குச் சரிவிலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்தது. வால் கருகின ஒரு சருகுமான். கூட்டை இழந்த காடைகள். தோல் தழும்பேறிய ஓர் உடும்பு. எல்லாருக்கும் கண் உள்ளே போயிருந்தது. நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவார்கள் போல இருந்தது.

"அண்ணே, கூட்டிட்டு வந்துட்டேன்!" என்றாள் செம்பி. "இவங்க நம்பவே மாட்டேங்கிறாங்க. நான் படுத்துக் காட்டறேன். எனக்கும் முடியல, அண்ணே. கொஞ்சம் கண்ண மூடறேன்!"

"செம்பி, கொஞ்சம் பொறு..." என்றான் சோலைமுத்து. அவன் எதிலும் மெதுவானவன். அவன் சொல்லி முடிப்பதற்குள் செம்பி குட்டிகளோடு தூளிக்குள் ஏறிவிட்டாள்.

ஒரு மூச்சு விட்டாள். சடசட என்றது.

கூட்டத்துக்குக் கலகல என்று கேட்டது. செம்பிக்கு அது சடசட என்று கேட்டது. சருகில் தீ ஏறும் சத்தம்! அவள் மூச்சு வேகமாயிற்று. மூச்சு வேகமாக ஆக, தூளி வேகமாக ஆடியது. தூளி ஆட ஆட, நெற்றுகள் இன்னும் பலமாகச் சடசடத்தன. பயந்தால் மூச்சு, மூச்சால் சத்தம், சத்தத்தால் பயம்.

"தீ! தீ!" என்று அலறிக்கொண்டு அவள் வெளியே பாய்ந்தாள். குட்டிகளை இழுத்துக்கொண்டு மருதமரத்து வேருக்கடியில் போய் ஒடுங்கினாள். சரிவிலிருந்து வந்தவர்களும் சிதறி ஓடிப் புதர்களில் பதுங்கினார்கள்.

இதையும் வேடிக்கை என்று நினைத்தது கூட்டம்! "பலே! பலே! முயலு பாய்ஞ்சது பாரு!" என்று கைதட்டியது. அன்று முழுக்கக் கேட்ட பலேயில் அதுதான் மிகப் பெரிய பலே.

அந்தச் சத்தம் கேட்டு மரங்கொத்தி பறந்து வந்தார். பின்னால் பெரியம்மணியும் வந்தார். மரங்கொத்தி வெற்றுமரத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"இந்த வருஷத்துக் கொட்டு, கலகலத் தூளிக்கு!" என்று சொல்லி அலகை ஓங்கினார்.

"அடிக்காதீங்க!" என்று கத்தினான் சோலைமுத்து.

அவன் கத்தி அந்தக் காட்டில் யாரும் கேட்டதில்லை. அவசரப்பட்டும் யாரும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்கள். ஒரே தாவில் தூளியை அடைந்து, நெற்றுகளைப் பல்லால் கடித்துக் கடித்துப் பிடுங்கிக் குளத்தில் எறிந்தான்.

"அண்ணே! பைத்தியம் பிடிச்சிருச்சா? கொட்டு விழப்போற நேரத்துல!" என்று பதறினாள் கிண்கிணி.

"இத நான் கொட்டு வாங்கச் செய்யல, கிண்கிணி. அவ தூங்கச் செஞ்சேன்" என்றான். "நேத்து பலே கேட்கலைன்னு, அவ தூக்கத்தையே எடுத்து வித்துட்டேன்!"

கூட்டம் முணுமுணுத்தது. "சத்தமில்லாத தூளிய வச்சு என்ன பண்றது?" என்றது நரி. ஒவ்வொருவராகக் கலைந்து நடந்தார்கள். மரங்கொத்தி ஓங்கிய அலகோடு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

சோலைமுத்து வேருக்கடியில் குனிந்து பார்த்தான்.

"செம்பி, வா. இப்போ சத்தம் வராது."

"வேணாம், அண்ணே! அது எரியும்!"

அந்த வார்த்தை அவனைக் கொன்றது. அவள் பயத்துக்கு மருந்தாகச் செய்த பொருளைப் பார்த்தே அவள் பயப்படுகிறாள். இதைவிட ஒரு தோல்வி உண்டா? அவன் தானே தூளியில் ஏறிப் படுத்தான். மூச்சை இழுத்தான், விட்டான். தூளி அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது. இலை விழுகிற சத்தம்கூட இல்லை. செம்பியின் ஒரு காது வேருக்கு வெளியே நீண்டது. வெகுநேரம் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

"எரியலதானே, அண்ணே?"

"எரியல, தங்கச்சி. சத்தத்தைக் கட்டினவன் நான்தான். நானே பிடுங்கிட்டேன்."

செம்பி மெல்ல வெளியே வந்தாள். சோலைமுத்து இறங்கி இடம் கொடுத்தான். அவள் குட்டிகளை அணைத்துக்கொண்டு படுத்தாள். வெடவெடவென்று ஆடிய தூளி கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்தது. இழுத்த மூச்சுக்கு ஒரு ஆட்டம், விட்ட மூச்சுக்கு ஒரு ஆட்டம். பனி அதைச் சுற்றி வெள்ளையாக வந்து நின்றது. செம்பியின் காதுகள் தளர்ந்தன.

போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நின்றார்கள். போன கோடையிலிருந்து தூங்காத முயல் அவள், அது ஊருக்கே தெரியும்.

கீரி மெல்ல அருகே வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு, மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னான்: "நேத்து நானும் தூங்கினேன்."

"நானும்தான்" என்று கிசுகிசுத்தது குரங்கு. "பேன் ஒண்ணும் பாக்கல."

"எனக்கும் வயித்து வலி இல்ல" என்றது பன்றி.

புதர்களில் பதுங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, தூளிக்குக் கீழே மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஆடும் தூளியைப் பார்த்துப் பார்த்தே அவர்கள் கண்ணும் மயங்கத் தொடங்கியது. சருகுமான் ஒரு கொட்டாவி விட்டது. அது அங்கிருந்த எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது.

மரங்கொத்திக்கு இப்போது சந்தேகமே இல்லை. அவர் அலகை மறுபடி ஓங்கினார். அலகு மரத்தைத் தொடுவதற்குள் பெரியம்மணி தும்பிக்கையை நடுவில் மெத்தென்று வைத்துவிட்டார்.

"கொட்டாதீங்க" என்றார் காதோடு காதாக. "பிள்ளைக எந்திரிச்சிடும்."

அந்தச் சந்தையில் கொட்டு அடிக்காமல் ஜெயித்த கடை அது ஒன்றுதான். யாரும் பலே சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தவர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிண்கிணியின் கடையில் ஒரு காய் தண்ணீரில் கிடந்து வெடிக்கும் பதத்தில் இருந்தது. அவள் ஓடிப்போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவள் வயிற்றுக்கடியில் 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது, அவ்வளவுதான். ஊரே நுனிக்காலில் நடந்து வீட்டுக்குப் போனது.

பெரியம்மணி போன சுவடு தெரியாமல் போய், வந்த சுவடு தெரியாமல் வந்தார். தும்பிக்கை நிறைய ஆத்தி நார். அதை மருதமரத்தடியில் ஓசைப்படாமல் இறக்கினார். தோப்பு திறந்துவிட்டது என்று சோலைமுத்துவுக்குப் புரிந்தது.

நன்றி சொல்லக் கையைக் கூப்பினான். கூப்பிய கை பாதியில் நின்றது. சந்தை தொடங்கியதிலிருந்து தூங்காத கண்கள் அவை. தூளிக்குக் கீழே மரத்தடியிலேயே, நாரைத் தலைக்கு வைத்துக்கொண்டு, அவன் உறங்கிப்போனான்.

கடைசியாகப் போன மந்தியின் குட்டி திரும்பிப் பார்த்தது.

"அம்மா, தேவாங்கு மாமா முழிக்கவே இல்லையே!"

"உஷ்!" என்றாள் தாய். "நமக்கெல்லாம் சேத்து அவர் முழிச்சது போதும். தூங்கட்டும்."

ஆகவே, கைதட்டலுக்கு ஆசைப்பட்டு நாம் செய்த நல்ல பொருளின் குணத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவருக்கு உதவினால், புகழ் சத்தமில்லாமல் தானே நம்மைத் தேடி வரும்.